உங்களுக்குத் தெரியுமா? நடந்தே பார்க்கலாம் பழைய கோலாலம்பூரை

● 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர, அத்தாப்பு வீடுகளை அழித்தன. அதன்பின் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரம் எழுந்தது. சூளைகள் இருந்த இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ்.

● மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்திலிருந்து தொடங்கினால், அந்தக் காலக் கட்டடங்களை வழிகாட்டி இல்லாமலே பார்த்துவிடலாம்.

● கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடுமிடத்தில் 1909-இல் திறக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமெக் நிற்கிறது.

● சற்றுத் தள்ளி, 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். செங்கல் சுவரில் வெள்ளை வளைவுகள், மேலே செப்புக் குவிமாடங்கள், நடுவே மணிக்கூண்டு. எதிரே டத்தாரான் மெர்டேக்கா. 1957-இல் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாவின் கொடி ஏறிய திடல் அது.

● தெற்கே மத்தியச் சந்தையைக் கடந்தால் துன் எச். எஸ். லீ சாலை. தம்புசாமி பிள்ளை 1873-இல் நிறுவிய மகா மாரியம்மன் கோயில் அங்குள்ளது. ஐந்து நிலை இராஜகோபுரம் பிற்காலத்தது. தைப்பூச வெள்ளி இரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான்.

● நடை முடியுமிடம் 1910-இன் பழைய ரயில் நிலையம். மஸ்ஜித் ஜாமெக்கை வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பக்கின் கைவண்ணமே இதுவும்.