சிறு கல்லூரிக் கால்பந்து அணிகளின் வலிமையை ஒப்பிடுதல்

ஒன்றோடொன்று அரிதாகவே மோதும் கல்லூரி அணிகளில் எது வலியது என்று கணிப்பது விளையாட்டுப் புள்ளியியலின் பழைய சிக்கல்களுள் ஒன்று. ஒரு குழுவுக்குள் முதலிடம் பெறும் அணி, வேறொரு குழுவின் மூன்றாம் இடத்து அணியைவிட வலியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிக் கால்பந்து இச்சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கே மாநில எல்லையே பல்கலைக்கழக எல்லையாகவும் இருப்பதால், பக்கத்து ஊர்களின் ஆட்டக்காரர்கள் வெவ்வேறு போட்டி அமைப்புகளில் ஆடுகிறார்கள்.

பின்புலம்

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகள் அதன் எல்லைக்குள் வந்தன. நாகர்கோவிலின் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, மார்த்தாண்டத்தின் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி, தூத்தூரின் புனித யூதா கல்லூரி ஆகியவை அவற்றுள் சில.

மாவட்டத்தில் கால்பந்தின் உயிர்நிலை மேற்குக் கடற்கரை. தேங்காப்பட்டணம் கழிமுகத்துக்கு மேற்கே இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என எட்டு மீனவ ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. இந்தியன் சூப்பர் லீக்கில் ஜாம்ஷெட்பூர், ஏடிகே அணிகளுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர்.

நீரோடியைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர். சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர்களைத் தந்த ஊர் என்று கேரளத்தில் பெயர் பெற்றது. இரண்டும் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்துள்ள ஊர்கள். ஆனால் நீரோடி மாணவர் தூத்தூர் கல்லூரியில் சேர்ந்தால் திருநெல்வேலியின் பல்கலைக்கழகத்துக்கு உட்பட்டவர். பொழியூர் மாணவர் திருவனந்தபுரத்தில் சேர்ந்தால் கேரளப் பல்கலைக்கழகத்துக்கு உட்பட்டவர். கல்லூரிப் போட்டிகளில் இவ்விருவரும் எதிரெதிரே நிற்பதில்லை.

போட்டி அமைப்பு

இந்தியக் கல்லூரிக் கால்பந்து மூன்று படிகளில் நடைபெறுகிறது.

முதல் படியில் ஒரே பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் தமக்குள் ஆடுகின்றன. பல கல்லூரிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்படும் மாணவர்கள் பல்கலைக்கழக அணியாகின்றனர்.

இரண்டாம் படியில் அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குச் செல்கிறது. தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் உள்ளிட்ட தென்மாநிலப் பல்கலைக்கழகங்கள் இதில் சந்திக்கின்றன.

மூன்றாம் படியில் ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நான்கு இடம் பெறும் அணிகள் அகில இந்தியப் போட்டியில் ஆடுகின்றன. இப்போட்டிகள் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் பொறுப்பில் நடக்கின்றன.

தூத்தூர் அணிக்கும் திருவனந்தபுரத்துக் கல்லூரி அணிக்கும் இடையிலான வலிமை வேறுபாட்டை இந்த அமைப்பில் நேரடியாக அறிய வழியில்லை. இரண்டாம் படியில் பல்கலைக்கழக அணிகள் மோதும் ஓரிரு ஆட்டங்களே இரு பக்கத்தையும் இணைக்கும் பாலங்கள்.

நாக் அவுட் முறையின் குறை

தோற்றால் வெளியேறும் நாக் அவுட் முறையில் 16 அணிகள் ஆட 15 ஆட்டங்கள் போதும். ஆனால் 8 அணிகள் ஒரே ஆட்டத்துடன் வீடு திரும்புகின்றன. ஒரு தவறான பெனால்டி, ஒரு மழை நாள், ஒரு கோல்கீப்பரின் காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அவ்வாண்டின் முடிவாகிவிடலாம்.

இரண்டாம் இடத்தைக் கணிப்பதில் இம்முறை மேலும் பலவீனமானது. வலிய அணியே எப்போதும் வெல்லும் என்று வைத்துக்கொண்டாலும், குலுக்கல் முறையில் அமையும் 16 அணிப் போட்டியில் உண்மையான இரண்டாவது அணி இறுதி ஆட்டத்தை அடையும் வாய்ப்பு 15இல் 8 மட்டுமே. மற்ற நேரங்களில் அது முதலணியின் பக்கத்திலேயே அமைந்து முன்கூட்டியே தோற்றுவிடும். 1883இல் லூயிஸ் கரோல் டென்னிஸ் போட்டிகளைப் பற்றி எழுதியபோது சுட்டிக்காட்டிய குறை இதுதான்.

எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் ஆடும் லீக் முறைக்கு 120 ஆட்டங்கள் தேவை. கல்லூரி நாட்காட்டியில் அதற்கு இடமில்லை. நான்கு அணிகள் கொண்ட நான்கு பிரிவுகளாகப் பிரித்து, பிரிவு வெற்றியாளர்களை அரையிறுதிக்கு அனுப்பினால் 27 ஆட்டங்களில் முடியும். ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் கிடைக்கும்.

ஒப்பிடும் வழிகள்

பொது எதிரணி: அ, ஆ என்னும் இரு அணிகள் மோதவில்லை. இரண்டும் இ அணியுடன் ஆடியுள்ளன. அ வென்றது, ஆ தோற்றது. எனவே அ வலியது என்பது முதல் ஊகம். ஒரே ஒரு பொது எதிரணியை வைத்து முடிவு கட்டுவது ஆபத்தானது. பொது எதிரணிகள் கூடக்கூட ஊகம் உறுதிப்படும்.

கோல் வேறுபாடு: வெற்றி தோல்வியைவிடக் கூடுதல் செய்தி தருவது. ஆனால் வலுவற்ற அணியை 9-0 என்று வெல்வது, வலிய அணியை 1-0 என்று வெல்வதைவிடப் பெரியதல்ல. அதனால் பல கணிப்பு முறைகள் கோல் வேறுபாட்டுக்கு உச்சவரம்பு வைக்கின்றன.

எலோ முறை: ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியலாளர் அர்பாத் எலோ சதுரங்கத்துக்காக வகுத்தது. 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு இதை ஏற்றது. 2018 முதல் ஆடவர் கால்பந்துத் தரவரிசைக்கு ஃபிஃபா இதன் ஒரு வடிவத்தைப் பயன்படுத்துகிறது. ஒவ்வோர் அணிக்கும் ஓர் எண் தரப்படும். இரு அணிகளின் எண்களுக்கிடையே 100 வேறுபாடு இருந்தால் மேலணியின் எதிர்பார்ப்பு 0.64. வேறுபாடு 200 என்றால் 0.76, 400 என்றால் 0.91. ஓர் ஆட்டத்துக்கு 20 புள்ளிகள் பணயம் என்று கொண்டால், 1600 புள்ளி அணி 1400 புள்ளி அணியை வென்று பெறுவது சுமார் 5 புள்ளிகள். தோற்றால் இழப்பது சுமார் 15 புள்ளிகள். ஒன்று இழப்பதை மற்றது பெறுகிறது.

மூடிய குழுக்களின் சிக்கல்

எலோ முறையின் இந்தப் பண்பே அதன் வரம்பையும் காட்டுகிறது. புள்ளிகள் கைமாறுகின்றன, புதிதாக உருவாவதில்லை. எல்லா அணிகளும் 1500இல் தொடங்கித் தமக்குள் மட்டும் ஆடினால், குழுவின் சராசரி என்றும் 1500தான். வலுவற்ற அணிகளின் குழுவுக்கும் அதே சராசரி, வலிய அணிகளின் குழுவுக்கும் அதே சராசரி. எனவே தனித்தனியே ஆடும் இரு குழுக்களின் 1600 என்னும் எண்கள் ஒரே வலிமையைக் குறிப்பதில்லை. குழுக்களுக்கிடையே நடக்கும் ஆட்டங்கள் மட்டுமே அளவுகோலைச் சரிசெய்யும்.

கையால் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்திலும் இதே நிலைதான். அங்கே 1973இல் உருவான மூன்றாம் பிரிவில் 200க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் உள்ளன. இவற்றின் மாணவர்களுக்கு விளையாட்டு உதவித்தொகை கிடையாது. ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடுவது சுமார் 10 ஆட்டங்கள், பெரும்பகுதி தன் குழுவுக்குள்ளேயே. அதனால் எந்தச் சிறு குழு வலியது என்ற விவாதம் ஆண்டுதோறும் எழுகிறது. எதிரணிகளின் வலிமையையும் கணக்கில் கொள்ளும் கணினித் தரவரிசைகள் அங்கு வளர்ந்ததற்கு இது ஒரு காரணம்.

மாணவர் அணிகளுக்குரிய வரம்புகள்

இளநிலைப் பட்டப்படிப்பு மூன்று ஆண்டுகள். எனவே ஒரு கல்லூரி அணி ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆட்டக்காரர்களை இழக்கிறது. சென்ற ஆண்டின் எண்ணை அப்படியே இவ்வாண்டுக்குக் கொண்டுவருவது பிழை. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் எண்ணைச் சராசரியை நோக்கி ஓரளவு இழுப்பது வழக்கம். ஆடுதளமும் கருதத்தக்கது. கடற்கரை மணலில் பழகிய கால்களுக்கும் புல்தரையில் பழகிய கால்களுக்கும் பந்தின் வேகம் ஒன்றல்ல.

முக்கியத்துவம்

இந்த ஒப்பீடு கோப்பையோடு முடிவதில்லை. மத்திய அரசுப் பணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தம் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்களுக்குத் தனிச் சான்றிதழ் படிவம் உண்டு. கல்லூரிகளுக்கு இடையே ஆடியது மட்டும் அந்தத் தகுதியைத் தராது. கல்லூரி அணியிலிருந்து பல்கலைக்கழக அணிக்குச் செல்லும் அந்த ஒரு படி, ஒரு மீனவர் வீட்டு மாணவருக்கு வேலைவாய்ப்பின் கதவாக அமையக்கூடும். முதல் சுற்றில் வலிய அணியிடம் தோற்ற கல்லூரியின் நல்ல ஆட்டக்காரர், தேர்வாளர் கண்ணில் படாமலே போகும் வாய்ப்பு நாக் அவுட் முறையில் அதிகம்.

இதைக் குறைக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. எல்லா ஆட்டங்களின் முடிவுகளையும் ஆண்டுவாரியாகப் பதிவுசெய்தல், முதல் சுற்றைப் பிரிவு லீக்காக நடத்துதல், எல்லைக்கு அப்பாலுள்ள கல்லூரிகளுடன் சில நட்பு ஆட்டங்கள் ஆடுதல் ஆகியவை போதும். சந்தோஷ் கோப்பையை ஏழு முறை வென்ற கேரளம் தூத்தூருக்குத் திருநெல்வேலியைவிட அருகில் உள்ளது. மேற்குக் கடற்கரை அணிகளின் உண்மையான வலிமையை அளக்கத் தக்க எதிரணிகள் சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கின்றன.