பிக்கப் வண்டியின் முன் பம்பர்

விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டியின் முன் பம்பர் நெளிந்துவிட்டால், அதே அளவும் வடிவமும் உள்ள பம்பரையே மாற்றிப் பொருத்துதல் நலம். கனத்த இரும்புக் குழாய்த் தடுப்பைப் பூட்டினால், மோதலின் அதிர்ச்சி தணியாமல் சேஸிஸின் வழியே உள்ளிருப்போரைத் தாக்கும். எதிர்ப்படும் பாதசாரிக்கும் காயம் மிகும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு இது மாறானதென்று 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார் மாநிலங்களுக்கு அறிவித்தது.

பொருத்துமுன் துருவை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, துளையோரங்களிலும் பின்புறத்திலும் துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, உலர்ந்தபின் மெல்லியதாக இருமுறை வர்ணம் அடிக்க வேண்டும். இருவர் தாங்கிப் பிடிக்க, எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் ஏற்றி, மட்டம் பார்த்த பிறகே முறுக்குதல் வேண்டும். விளக்குகளும் எண் பலகையும் மறையலாகாது. சில நாள் ஓடியபின் மீண்டும் முறுக்கிப் பார்ப்பது அவசியம்.