காருக்கு ‘அன்டூ’ கிடையாது!

கம்ப்யூட்டரில் தவறு செய்தால் கண்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்துகிறோம். பழைய நிலை திரும்பி வந்துவிடுகிறது. காரில் அந்த வசதி இல்லை. இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

அப்பா 2007இல் வாங்கிய வெள்ளை நிறக் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. எழுத்தே இல்லாத டிக்கி அழகாக இருக்கும் என்று தோன்றியதால், ஒரு ஞாயிறன்று ஸ்க்ரூடிரைவரால் மாடல் பெயரை நெம்பினேன். எழுத்துகளுடன் பெயிண்டும் பெயர்ந்தது. நடுவிலிருந்த சின்னத்தைக் கழற்றினால், பின்னால் இரண்டு துளைகள்! டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று 4,000 ரூபாய் செலவு. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

இந்த ஆசை புதியதல்ல. 1940களில் கலிபோர்னியா இளைஞர்கள் கார்களின் அலங்காரச் சின்னங்களைக் கழற்றி, துளைகளை உருக்கிய ஈயத்தால் அடைத்துச் சமப்படுத்தினார்கள். முன்பக்கம் செய்தால் ‘நோசிங்’, டிக்கியில் செய்தால் ‘டெக்கிங்’ என்று பெயர். அவர்களிடம் இல்லாத ஒரு வசதி நம் மேஜையில் இருக்கிறது. அதுதான் ஒத்திகை.

திரையில் ஒத்திகை

இதற்கு ‘ஜிம்ப்’ என்ற இலவச புரோகிராம் போதும். ஜிம்ப் டாட் ஆர்க் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள்.

1. காரைக் கழுவி, நிழலில் நிறுத்தி, நேர் எதிரே நின்று போட்டோ எடுங்கள். வெயிலில் எடுத்தால் பளபளப்பு தொல்லை தரும்.

2. போட்டோவை கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஜிம்ப்பில் ஃபைல் மெனு சென்று ஓப்பன் கிளிக் செய்து திறக்கவும்.

3. லேயர் மெனுவில் டூப்ளிகேட் லேயர் கொடுங்கள். அசல் படத்தின் மேல் ஒரு நகல் உருவாகும். இனி நகலில் மட்டுமே வேலை.

4. குளோன் டூலைத் தேர்ந்தெடுங்கள். இதன் ஐகான் ரப்பர் ஸ்டாம்ப் போல இருக்கும். கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி, எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள வெறும் பெயிண்டில் ஒரு கிளிக். பிறகு கீயை விட்டுவிட்டு எழுத்தின் மேல் மவுஸை அழுத்தி இழுத்தால், எழுத்து மறையும்.

5. லேயர் பட்டியலில் நகலுக்குப் பக்கத்தில் கண் படம் இருக்கும். அதைக் கிளிக் செய்தால் அசல் தெரியும். மீண்டும் கிளிக் செய்தால் மாற்றம் தெரியும்.

ஃபைல் மெனுவில் சேவ் கொடுத்தால் லேயர்கள் அப்படியே இருக்கும். மற்றவருக்கு அனுப்ப எக்ஸ்போர்ட் ஆஸ் மூலம் ஜேபெக் படமாக்குங்கள்.

அடுத்ததாகக் கதவுகளின் பீடிங்கையும் எடுக்க நினைத்திருந்தேன். முதலில் திரையில் எடுத்துப் பார்த்தேன். குறுக்கே ஓடிய கோடு போனதும் கதவு பெரிதாக, மொட்டையாகத் தெரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் கண் படத்தைத் தட்டித் தட்டிக் காட்டினேன். “பீடிங் இருக்கட்டும்டா. பார்க்கிங்ல பக்கத்து வண்டிக் கதவு இடிச்சா அதுதானே தாங்கும்? பின்னாடி எழுத்தை எடுத்தது மட்டும் நல்லாத்தான் இருக்கு” என்றார். 4,000 ரூபாய்க்கு அன்றுதான் ரசீது கிடைத்தது!

காரில் கை வைக்கும்போது

எழுத்தை நெம்பாதீர்கள். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடு காட்டி, தூண்டில் நரம்பை எழுத்துக்குப் பின்னால் விட்டு ரம்பம் போல இழுங்கள். மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுங்கள். போகாவிட்டால் துளி நீலகிரித் தைலம் தொட்டுத் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். தின்னர் கூடவே கூடாது, பெயிண்ட்டைக் கரைத்துவிடும். பழைய காரில் எழுத்து இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் நிழலாகத் தெரியலாம். துளை இருக்கிறதா என்பதை உதிரிபாகக் கடையில் அதே சின்னத்தின் பின்புறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஊசி போன்ற முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால் துளை நிச்சயம்.

காரின் நிறத்தை மாற்றுவது வேறு விஷயம். நிறம் ஆர்.சி.யில் பதிவாகும் விவரம் என்பதால், மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கார் இல்லாதவர்கள் வீட்டுச் சுவரையோ பழைய பைக்கையோ போட்டோ எடுத்துப் பழகலாம். எத்தனை முறை தவறினாலும் இங்கே செலவில்லை.