வருவதற்கு ஒரு சாக்கு

கும்பகோணத்தில் எங்கள் தெருவிலேயே முதலில் டெலிபோன் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான், 1989-ல். ஒரே மாதத்தில் அது தெருவுக்கே போனாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் எங்கள் நம்பரை அச்சடித்துப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டுக்கொண்டார்கள். போன் அடுத்த வீட்டில் இருக்கிறது, கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அர்த்தம்.

மணி அடிக்கும். “எதிர்வீட்டு அக்காவக் கொஞ்சம் வரச் சொல்லுங்க, பத்து நிமிஷத்துல திரும்பப் பண்றேன்” என்று வைத்துவிடுவார்கள். எஸ்.டி.டி. காசு ஓடுகிறதே! நான் ஓடிப்போய்ச் சொல்வேன். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து கூடத்து பெஞ்சில் உட்காருவாள். பத்து நிமிஷம் அரை மணியாகும். அதற்குள் நாத்தனார் சண்டை, பாலில் தண்ணீர், பையனின் கணக்கு மார்க் எல்லாவற்றையும் அம்மா அரிசி புடைத்தபடியே கேட்டு முடித்திருப்பாள். போனில் அக்கா பேசுவது என்னவோ மூன்று நிமிஷம்தான்.

இன்டர்நெட் வந்து முகம் பார்த்துப் பேசுவதே போச்சு என்று யாராவது அலுத்துக்கொண்டால் எனக்கு அந்த பெஞ்ச்தான் ஞாபகம் வரும்.

வி.எஸ்.என்.எல். நம் ஊர் ஜனங்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்த அதே 1995-ல், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில குடும்பங்களுக்குக் கம்ப்யூட்டரும் இணைப்பும் கொடுத்து என்ன நடக்கிறதென்று கவனித்தார்கள். 73 குடும்பங்கள், 169 பேர். ராபர்ட் கிராவுட்டும் கூட்டாளிகளும் 1998-ல் வெளியிட்ட முடிவு பரபரப்பானது: நெட்டில் அதிகம் இருந்தவர்கள் வீட்டாரோடு பேசுவது குறைந்திருந்தது, பழக்கவழக்க வட்டம் சுருங்கியிருந்தது, தனிமையுணர்வு கூடியிருந்தது. ஆனால் அதே ஆட்களைப் பிறகு பார்த்தபோது அந்தக் கெடுதல்களில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. 2002-ல் அதையும் அவர்களே எழுதினார்கள். புதிதாகச் சேர்த்த இன்னொரு கூட்டத்தில் வேறொன்று தெரிந்தது. கலகலப்பாகப் பழகுகிறவர்களுக்கு நெட் நல்லது செய்திருந்தது, ஒதுங்கியிருக்கும் சுபாவக்காரர்களுக்குக் கெடுதலாக முடிந்திருந்தது.

முதல் முடிவை ஊர் பிடித்துக்கொண்டது. எனக்குக் கடைசியாகச் சொன்னதுதான் உறைக்கிறது, ஏனென்றால் நான் அந்த ஒதுங்குகிற ஜாதி. அக்கா வாட்ஸ்அப்பில் ஆள் திரட்டி, வேன் பிடித்து, ஒரே நாளில் நவக்கிரக கோயில் ஒன்பதுக்கும் போய்வருகிறாள். அவளுக்கு யார் வீட்டுப் படி ஏறவும் காரணம் வேண்டாம். எனக்கு வேண்டும். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்க, பஞ்சாங்கம் இரவல் வாங்க, கரண்ட் பில் கட்டப் போகிறவரிடம் நம் அட்டையையும் நீட்ட என்று ஏதாவது ஒரு சாக்கு இருந்தால்தான் வாசல் தாண்டுவேன். அத்தனையும் இப்போது கைக்குள் அடங்கிவிட்டது. வசதிதான், மறுக்கவில்லை. வரிசையில் நின்று கால் கடுத்ததை யாரும் ஏங்கி நினைக்கப்போவதில்லை. கல்யாணப் பத்திரிகைகூட பி.டி.எஃப்.பாக வருகிறது, தாம்பூலத் தட்டு இல்லாமல். அதுதான் கொஞ்சம் கசக்கிறது.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு இணுக்குக் கறிவேப்பிலை கேட்டேன்.

“மரமே ஒங்க கொல்லையிலதானேப்பா நிக்குது?” என்றாள்.

அதற்கு ஒரு பதிலை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.