சக்காராவின் பேசும் சுவர்கள்

பிரமிட் என்றதும் எவர் மனக்கண்ணிலும் முதலில் தோன்றுவது எகிப்தின் கீசாவிலுள்ள பெரிய பிரமிட்தான். 146 மீற்றர் உயரத்துக்கு எழுப்பப்பட்ட அந்தக் கூபு மன்னனின் கல்லறையைப் பற்றி நமது பாடநூல்களும் பேசுகின்றன. ஆனால் அதன் உள்ளறைச் சுவர்கள் ஊமைச் சுவர்கள். வேலையாட்கள் தீட்டிவைத்த சில அடையாளக் குறிகளைத் தவிர, அங்கே மன்னனுக்காக ஒரு துதியேனும் செதுக்கப்படவில்லை. இலக்கியத்தைப் பொருளாகக் கொண்ட இத்தொடரிலே நேயர்களை நான் அழைத்துச் செல்ல விரும்புவது கீசாவுக்கன்று. அதற்குத் தெற்கேயுள்ள சக்காராவுக்கு. இடிந்து கல்மேடுபோல் கிடக்கும் ஒரு சிறிய பிரமிட்டின் வயிற்றுக்குள், உலகின் மிகப் பழைய சமய இலக்கியத் தொகுதிகளுள் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

கெய்ரோ நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில், நைல் நதியின் மேற்குப் புறத்தே, வயல் முடிந்து பாலை தொடங்கும் மேட்டுநிலமே சக்காரா. பண்டைத் தலைநகராகிய மெம்பிஸின் இடுகாடு அது. ஞாயிறு மறையும் திசை இறந்தோரின் திசை என எகிப்தியர் கருதியமையால் மேற்குக் கரையைத் தெரிந்தனர் என்பர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அரசரும் அலுவலரும், பின்னர் பல்லாயிரக்கணக்கான விலங்குகளும் பறவைகளுங்கூட, அம்மணலில் அடக்கஞ் செய்யப்பட்டன. 2020ஆம் ஆண்டிலும் நூற்றுக்கு மேற்பட்ட மரப்பேழைகள் அங்கே வெளிப்பட்டன.

உலகின் முதற் பெருங் கற்கட்டடம் எனப் போற்றப்படும் ஜோசர் மன்னனின் படிப்பிரமிட்டும் சக்காராவிலேயே உள்ளது. கி.மு. 2650 அளவிலே எழுந்தது அது. தட்டையான மேடையாகத் தொடங்கி, கட்டுவித்தோரின் எண்ணம் வளர வளர நான்கு படியாகி, ஈற்றில் ஆறு படிகளோடு 60 மீற்றருக்கு மேல் உயர்ந்து நின்றது. இதனை வகுத்தவன் இம்ஹோதெப் என்பது மரபு. ஜோசரின் சிலையொன்றின் பீடத்திலே இம்ஹோதெப்பின் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பது அவன் பெற்ற மதிப்பைக் காட்டும். பிற்காலத்து எழுத்தரும் மருத்துவரும் அவனைத் தெய்வமாகவே கொண்டாடினர்.

ஜோசர் மறைந்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், இவ்விடத்தைக் காண வந்த எழுத்தர்கள் அங்குள்ள கட்டடச் சுவர்களில் மையினால் தம் வருகையைக் குறித்து வைத்துள்ளனர். அவர்களுள் ஒருவர், தமக்கு முன் வந்தோர் கிறுக்கியவற்றைப் படித்து மனம் நொந்து, இவர்களெல்லாம் எழுத்தர்தாமா என்று அதே சுவரிலே கடிந்து எழுதிப் போயிருக்கிறார். மாணவரின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துவோருக்கு அவரது வேதனை நன்றாகவே விளங்கும். அவரும் சுவரிலேதான் எழுதினார் என்பது வேறு விடயம்.

இனி, படிப்பிரமிட்டுக்குத் தென்மேற்கே அடுத்துள்ள ஊனாஸ் மன்னனின் பிரமிட்டை நோக்குவோம். ஐந்தாம் வமிசத்தின் கடைசி அரசன் அவன், காலம் கி.மு. 2350 அளவு. அவனது பிரமிட் எழுந்தபோது அதன் உயரம் 43 மீற்றர்தான். கூபுவின் பிரமிட்டோடு ஒப்பிட்டால் மூன்றிலொரு பங்கும் இல்லை. ஆற்றுச் சமவெளியிலிருந்து அதற்கு ஏறிச்செல்லும் நடைபாதையோ 700 மீற்றருக்கு மேல் நீண்டது. மதில்களும் கூரையும் கொண்டிருந்த அப்பாதையின் இருமருங்கும் சிற்பங்கள் அணிசெய்தன. தெற்கேயிருந்து கருங்கல் தூண்களை ஏற்றிவரும் படகுகளை அங்கே காணலாம். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய, நிற்கவும் மாட்டாது குந்தியிருக்கும் பசித்த மக்களின் கூட்டமொன்றும் அச்சிற்பங்களிடையே இடம்பெற்றது. அவர்கள் பாலைநிலத்து நாடோடிகள் எனப் பல அறிஞர் கருதுகின்றனர். அரசனின் பெருமையைச் சொல்லவந்த பாதையில் அவர்களை ஏன் செதுக்கினர் என்பது விவாதத்துக்குரியது. எது காரணமாயினும், அந்தச் சிற்பி பசியை நேரிலே கண்டவன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பாதை முடிந்து பிரமிட்டின் கீழறைகளுக்குள் இறங்கினால், சுவரெங்கும் எழுத்து. மேலிருந்து கீழாக, நிரை நிரையாக, நீல வண்ணம் ஊட்டிய சித்திர எழுத்துகள். தலைக்கு மேலே கூரை முழுவதும் விண்மீன்கள். மேற்குக் கோடியில் மன்னனின் கரிய கற்பேழை. பிரமிட்டுகள் யாவும் எழுத்தற்றவை என்றே எகிப்தியலின் முன்னோடியான ஒகுஸ்த் மரியெற் நெடுங்காலம் எண்ணியிருந்தார். அவரது இறுதி நாட்களிலேதான் சக்காராவின் தென்பகுதிப் பிரமிட்டுகளில் எழுத்துகள் உண்டென்பது தெரியவந்தது. 1881 ஜனவரியில் அவர் காலமானார். அதே ஆண்டில் அவரையடுத்துப் பொறுப்பேற்ற கஸ்தோன் மஸ்பெரோ ஊனாஸின் அறைகளுக்குள் நுழைந்தார். கள்வர் முந்திக்கொண்டமையால் மன்னனின் உடலிற் சில துண்டுகளே மிஞ்சியிருந்தன. எழுத்தைக் கள்வர் தீண்டவில்லை. அது அவர்களுக்குப் பயன்படாத பொருள்.

பிரமிட் வாசகங்கள் என இன்று வழங்கும் இவை ஊனாஸின் கல்லறையில் மாத்திரம் இருநூறுக்கு மேற்பட்டவை. இவற்றிற் பெரும்பாலானவை ஒரே தொடருடன் தொடங்குகின்றன. “ஓதப்படவேண்டிய சொற்கள்” என்பது அதன் பொருள். ஆகவே இவை கண்ணாற் படிப்பதற்காக எழுதப்பட்டவையல்ல. குருமார் வாயால் ஓதியவை. வாயிலை அடைத்துவிட்டால் அங்கே ஓதுவாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. அக்குறையைச் சுவர் தீர்க்கட்டும் எனக் கருதியே அவற்றைச் செதுக்கியிருக்க வேண்டும்.

ஓதியவைதாம் எவை? அப்பம், மதுவகை, வெங்காயம் என ஒவ்வொரு படையலையும் பெயர்சொல்லி, ஹோரஸ் தெய்வத்தின் கண்ணாக மன்னனுக்கு ஈயும் வாசகங்கள் உள. இவற்றிலே படையற் பொருளின் பெயரோடு ஒலியொத்த சொல்லொன்று அருகிலேயே வந்து நிற்கும். நமது இலக்கணத்தார் சிலேடை என்று கூறுவதற்கு நெருங்கிய இவ்வுத்தி அங்கே வெறும் அலங்காரமன்று. ஒலி ஒத்தால் பொருளும் ஒன்றும் என்ற நம்பிக்கையின் வெளிப்பாடு. பாம்பைத் தடுக்கும் மந்திரங்கள் உள. மன்னன் ஏணி வழியாகவும் பறவையாகவும் சாம்பிராணிப் புகையோடு கலந்தும் வானேறுவதைக் கூறும் பாடல்கள் உள. அவன் செத்துப் போகவில்லை, உயிரோடுதான் புறப்பட்டுப் போயிருக்கிறான் என்று அவை திரும்பத் திரும்பச் சாதிக்கின்றன. இத்தனை பிடிவாதமாக மறுக்கப்படும் மரணத்தை வேறெந்தப் பழைய இலக்கியத்திலும் நான் கண்டதில்லை.

முன்னறையிலுள்ள ஒரு பாடல் மிகப் பெயர்பெற்றது. வானம் இருள, விண்மீன்கள் நடுங்க, மன்னன் தேவர்களையே வேட்டையாடிச் சமைத்து உண்கிறான். பெரியோர் காலை உணவாகின்றனர். நடுத்தரத்தார் மாலைக்கு, சிறியோர் இரவுக்கு. அவர்களது ஆற்றல் முழுவதும் அவன் வயிற்றுள் அடங்குகிறது. இதனைக் கொண்டு எகிப்தியர் நரமாமிசம் உண்டனர் என வாதிட்டோரும் உளர். என் எண்ணத்தில் அது கவிதையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது போன்றதாகும். இப்பாடல் ஊனாஸின் கல்லறையிலும் அவனுக்குப் பின்வந்த தேத்தியின் கல்லறையிலும் மாத்திரமே உண்டு; அப்பால் அரச கல்லறைகள் இதனைக் கைவிட்டன.

எழுத்துக்கு உயிருண்டு என்று அவர்கள் உண்மையாகவே அஞ்சினர். பின்வந்த பிரமிட்டுகளில் சிங்கம் போன்ற கொடிய விலங்குகளின் உருவெழுத்தை இரு துண்டமாகப் பிளந்து செதுக்கியிருக்கின்றனர். மனித உருவத்தையும் முழுமையாக்காது குறைத்து விட்டிருக்கின்றனர். இரவிலே அவை சுவரை விட்டிறங்கி மன்னனுக்குத் தீங்கு செய்துவிடலாகாதே!

அரசருக்கும் சில அரசியருக்கும் மட்டுமே உரியனவாயிருந்த இவ்வாசகங்கள் காலப்போக்கில் அலுவலரின் மரப்பேழைகளுக்கு மாறின. பின்னர் பாப்பிரஸ் சுருள்களில் எழுதப்பட்டு, இறந்தோர் நூல் எனும் பெயரில் நாம் அறிந்த தொகுதியாக வளர்ந்தன. பணங்கொடுத்து எழுதுவிக்க வல்லவர் எவரும் வானேறலாம் என்ற நிலை உண்டாயிற்று.

ஊனாஸின் பிரமிட்டோ சிதைந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், இரண்டாம் ராம்சேஸின் மகன் காம்வாசெற் அதனைப் பழுதுபார்த்தான். பிரமிட்டின்மேல் அதற்குரியவனின் பெயர் காணப்படாமையால், அப்பெயர் வாழுமாறு செய்ததாகத் தென்முகத்திலே பெரிய எழுத்துகளில் ஒரு சாசனமும் பொறித்தான். அது இன்றும் அங்கே நிற்கிறது. பெயர் சொல்லப்படும்வரை மனிதன் முற்றாகச் சாவதில்லை என்பது அவர்களது கொள்கை.

ஆனால் அந்தப் பெயரை எப்படிச் சொல்வது? எகிப்திய எழுத்து மெய்யொலிகளை மாத்திரமே காட்டுவது. உயிரொலிகளை எழுதும் வழக்கம் அதற்கில்லை. தமிழிலே ப், ல் என்ற இரண்டு மெய்களை மாத்திரம் எழுதி வைத்தால், அது பல்லோ பாலோ புல்லோ புலியோ என்று பின்வருவோர் எவ்வாறு அறிவர்? மொழியைப் பேசியவனுக்கு அது இடராகவில்லை. பேசியவர் போனபின் மெய் நின்றது, உயிர் போயிற்று. 1822இல் இவ்வெழுத்தின் புதிரை அவிழ்த்த ஷம்பொலியனுக்குக் கொப்திக் மொழி கைகொடுத்தது. எகிப்திய மொழியின் கடைசி வடிவமாகிய அது கிரேக்க எழுத்தைத் தழுவியமையால் உயிரொலிகளையும் காத்தது. எகிப்தின் கிறிஸ்தவ ஆலய வழிபாட்டிலே இன்றும் அதனைக் கேட்கலாம். ஆயினும் ஊனாஸின் காலத்துக்கும் அதற்கும் இடைப்பட்டது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தூரம்.

ஆகையால் அறிஞர்கள் மெய்களுக்கிடையே ஓர் எகரத்தை இட்டு வசதிக்காக வாசிக்கின்றனர். மன்னனின் பெயரில் எழுதப்பட்டுள்ளவை வ், ன், ய், ஸ் என்பனவற்றை ஒத்த நான்கு ஒலிகள். அதனை வெனிஸ் என்போர் சிலர். ஊனிஸ், ஊனாஸ் என்போர் வேறு சிலர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் வரலாறு எழுதிய எகிப்தியக் குருவான மனெத்தோவோ ஒன்னோஸ் என்று குறித்தார்.