உடம்போடு ஒட்டிய உடுப்பு

சர்க்கஸ் கூடாரத்தில் பிறந்த லியோடார்ட் மேல்நாட்டில் நடன மேடை ஏறியது, நாகரிகமானது. இந்தியாவில் அது போன பாதை வேறு.

ஜாதவ்பூர் 8பி பஸ் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கால்பந்துகளுக்கும் கேரம் போர்டுகளுக்கும் நடுவே ஒரு தாய் தன் எட்டு வயது மகளுடன் நிற்கிறார். கையில் நடனப் பள்ளி கொடுத்த துண்டுச் சீட்டு. "லியோடார்ட்" என்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "காஸ்ட்யூம்னு சொல்லுங்க தீதி. நீச்சலுக்கா, ஜிம்னாஸ்டிக்ஸுக்கா, டான்ஸுக்கா?"

டான்ஸுக்குத்தான். கறுப்பு நிறத்தில், முழுக்கை வைத்த ஒன்று மேஜைக்கு வருகிறது. தாய் அதை இழுத்துப் பார்க்கிறார். ரப்பர் போல நீள்கிறது. திருப்பிப் பார்க்கிறார். கால் பகுதி கிடையாது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைக்காரர் ஒரு லெகிங்ஸையும் எடுத்து மேலே வைத்துவிடுகிறார். கேட்கப்போகும் கேள்வி அவருக்குப் பழக்கமானது.

வேடிக்கை என்னவென்றால், இந்த உடுப்பை முதலில் போட்டுக் காட்டியவரிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. அவர் ஆண். பெயர் ஜூல் லியோடார். பிரான்ஸின் துலூஸ் நகரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தியவரின் மகன். 1859 நவம்பரில் பாரீஸ் சர்க்கஸ் ஒன்றில், ஆடும் ஒரு பாரிலிருந்து இன்னொரு பாருக்குக் காற்றிலேயே தாவிக் காட்டினார். தொளதொள சட்டை பாரில் மாட்டினால் ஆள் காலி. ஆகவே மேனியோடு ஒட்டிய பின்னல் உடுப்பு. அதை அவர் 'மையோ' என்றுதான் சொன்னார். நீச்சலுடைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது அதே வார்த்தைதான். 1870இல் இளவயதிலேயே அவர் இறந்துபோனார். உடுப்புக்கு அவருடைய பெயர் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகு.

பாலே வகுப்புகளில் இது பயிற்சி உடையாக நுழைந்தது. பயிற்சி உடையையே மேடை உடையாக்கிய துணிச்சல் நியூயார்க்கில் ஜார்ஜ் பாலஞ்சீனுடையது. 1946இல் ஓவியர் ஒருவர் வடிவமைத்த பகட்டான உடைகளோடு அரங்கேறிய 'நான்கு குணங்கள்' பாலேயை 1951இல் வெறும் பயிற்சி உடையில் ஆட வைத்தார். உடைக்குள் ஒளிந்திருந்த நடனம் வெளியே வந்தது. 1957இல் 'அகோன்' பிறந்ததே அப்படித்தான். அதற்குள் கிளேர் மெக்கார்டெல் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் நாற்பதுகளிலேயே லியோடார்டைத் தெருவுக்குக் கொண்டுவந்திருந்தார். 1958இல் டூபாண்ட் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த இழையே பின்னர் லைக்ரா ஆயிற்று. மிச்சத்தை 1982இல் ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோ பார்த்துக்கொண்டது.

இந்தியாவில் கதை கூடாரத்திலேயே நின்றது. 1879இல் பம்பாய்க்கு வந்த இத்தாலியர் சியாரினியின் சர்க்கஸைப் பார்த்த விஷ்ணுபந்த் சத்ரே, அடுத்த ஆண்டே சொந்த சர்க்கஸ் தொடங்கினார். வங்காளத்தில் பிரியநாத் போஸின் கிரேட் பெங்கால் சர்க்கஸ். அதில் சுசீலா சுந்தரி என்ற வங்காளிப் பெண் புலிக் கூண்டுக்குள் போய் வந்தார். வங்காளி கோழை என்று வெள்ளைக்காரன் ஏசிய காலம் அது. கூடாரத்தில் எழுந்த கைத்தட்டலில் தேசபக்தியும் கலந்திருந்தது. உடற்பயிற்சிக் கூடங்கள் ஊர் ஊராகப் பெருகின. இன்று ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கும் தேசியக் கல்விக் கழகம் 1906இல் பிறந்ததும் அதே சுதேசிச் சூட்டில்தான். 1950களில் விஷ்ணு சரண் கோஷின் மாணவி ரேபா ரக்ஷித் மார்பின் மேல் யானையை நடக்கவிட்டார். 1959 செப்டம்பர் 29 அன்று, இதே கல்கத்தாவின் ஆரத்தி சாஹா 16 மணி 20 நிமிடம் நீந்தி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஆசியப் பெண்களில் முதல்வர். அவர் அணிந்திருந்தது புடவை அல்ல என்று யாரும் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

தமிழர்களுக்கு இதில் தனி ஞாபகம் உண்டு. 1948இல் வெளிவந்த வாசனின் 'சந்திரலேகா'வில் டி.ஆர். ராஜகுமாரி சர்க்கஸ் கலைஞராக வந்தார். தலச்சேரியிலிருந்து கிளம்பிய கமலா சர்க்கஸ் அந்தப் படத்துக்குத் தன் கூடாரத்தையே கொடுத்தது. முரசு நடனத்தை இன்றும் பேசுகிறார்கள், சர்க்கஸை மறந்துவிட்டார்கள். கூடாரத்துப் பெண்களுக்குக் கிடைத்த மரியாதையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆட்டத்துக்குக் கைத்தட்டல் உண்டு. கல்யாணப் பேச்சு வந்தால் "சர்க்கஸ்காரியா?" என்ற கேள்வி.

நடன மேடை ஏன் இந்த உடுப்பைத் தள்ளியே வைத்தது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. குடும்பப் பெண் மேடையேறுவதே போராட்டமாக இருந்த ஊரில், உடை என்பது தற்காப்புக் கவசம். 1927இல் ஜோராசாங்கோவில் 'நடீர் பூஜா' நடந்தபோது நந்தலால் போஸின் மகள் கௌரி ஆடினார். ஊர் வாயை அடைக்க, தாகூரே ஒரு பிக்குவாக வேடம் போட்டு மேடையில் வந்து உட்கார்ந்தார். அந்த நடனத்தில் நடி தன் நகைகளையும் பட்டாடையையும் ஒவ்வொன்றாகக் களைகிறாள். உள்ளே இருப்பது காவித் துணி. களைவதுகூட துறவுக்காக என்றால்தான் சபை ஒப்புக்கொள்ளும்.

சென்னையில் ருக்மிணி தேவிக்கும் அதே சிக்கல். பாலே மேதை அன்னா பாவ்லோவாவோடு பழகியவர், அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர், பயிற்சி உடையை அறியாதவர் அல்ல. ஆனாலும் பரதநாட்டியத்துக்கு அவர் உருவாக்கியது, பைஜாமாவாகத் தைத்து, முன்னால் விசிறி மடிப்பு வைத்த உடை. அரைமண்டியில் உட்கார்ந்தால் விசிறி விரியும். எழுந்தால் மூடிக்கொள்ளும். முட்டி எவ்வளவு திறந்திருக்கிறது என்பது கடைசி வரிசை ரசிகருக்கும் தெரியும், கால் தெரியாது! லியோடார்ட் செய்யும் வேலையை இது வேறு வழியில் செய்துவிடுகிறது. நம் நாட்டு நடன உடைகளில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஒன்றை நான் பார்த்ததில்லை. பாலசரஸ்வதி மட்டும் கடைசிவரை புடவையை விடவில்லை.

1985இல் 'அங்கிகா'வோடு மேடைக்குத் திரும்பிய சந்திரலேகா, நகையையும் ஒப்பனையையும் உதறினார். உடம்பின் கோடு தெரிய வேண்டும் என்பதில் பாலஞ்சீனுக்கு அவர் சளைத்தவர் அல்ல. ஆனால் லைக்ராவைத் தேடிப் போகவில்லை. புடவையையே இறுக்கிக் கச்சமாகக் கட்ட வைத்தார்.

உண்மையான லியோடார்ட் வேறு வீட்டுப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. அகர்தலாவின் தீபா கர்மாக்கர், 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்ஸில் வால்ட் இறுதிப் போட்டியில் 0.150 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். நள்ளிரவில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த வங்காளிக் குடும்பங்கள் அவர் தரையிறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டன. உடையைப் பற்றிப் பேச யாருக்கு நேரம்? மேற்கு மேதினிபூர் மாவட்டத்துப் பிங்க்லாவைச் சேர்ந்த பஸ் டிரைவரின் மகள் பிரணதி நாயக், கொல்கத்தாவில் பயிற்சி பெற்று 2019இல் ஆசிய வெண்கலம் வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கும் போனார்.

இவர்கள் ஜெயித்தவர்கள். மகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் "போதும், நிறுத்து" என்று சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. படிப்பு ஒரு காரணம். உடுப்பு இன்னொன்று, வாய்விட்டுச் சொல்லப்படாத காரணம். இது நம் ஊர்க் கூச்சம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2021 ஏப்ரலில் பாஸல் நகரில் ஜெர்மனியின் சாரா ஃபோஸ் கணுக்கால் வரை மூடிய உடையில் போட்டியிட்டார். அதே ஆண்டு டோக்கியோவில் ஜெர்மன் அணியே அப்படி வந்தது. விதி அதை முன்பே அனுமதித்திருந்தது. அணியத்தான் ஆளில்லை. மறைப்பதா, காட்டுவதா என்பதல்ல அவர்களுடைய பேச்சு. எதில் சௌகரியம் என்று ஆடுபவள் முடிவு செய்யட்டும் என்றார்கள்.

ஜாதவ்பூர் கடையில் பேரம் முடிந்துவிட்டது. லெகிங்ஸ் வேண்டாம் என்கிறாள் மகள். அதைப் போட்டால் முட்டி மடங்கியிருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று டீச்சருக்குத் தெரியாதாம். தாய் ஒரு நிமிஷம் யோசிக்கிறார். பிறகு இரண்டையும் கட்டிக் கொடுக்கச் சொல்கிறார்.