நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

"பீடி குடிக்கிறவனுக்கு இருமல் வராம இருக்குமா?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் நம்மில் பலர். நுரையீரல் புற்றுநோய் தொடக்கத்தில் வலிக்காது. உடம்பு இளைத்து, சளியில் ரத்தம் கண்டு டாக்டரிடம் ஓடும்போது பெரும்பாலும் முற்றிப் போயிருக்கும். அறிகுறி தோன்றுமுன்பே அதைத் தேடிப் பிடிக்க வழி உண்டு. அந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எக்ஸ்ரே போதாதா?

போதாது. சிறு கட்டி இதயத்தின் பின்னாலும், விலா எலும்பின் நிழலிலும் ஒளிந்துகொள்ளும். 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்தும் சாவு குறையவில்லை. அதே ஆண்டு, புகைப்பழக்கம் மிகுந்த 53,454 பேரிடம் நடத்திய இன்னோர் ஆய்வு வெளியாயிற்று. அதில் எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களிடையே இந்நோயால் இறந்தோர் 20 சதவீதம் குறைவு.

எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்தால் என்ன?

கூடாது. அந்த ஆய்வில் சந்தேக நிழல் தெரிந்தவர்களில் 100-க்கு 96 பேருக்குப் புற்றுநோய் இல்லை. பழைய காசநோய்த் தழும்புகூட நிழலாகத் தெரியும். வீண் பயம், வீண் செலவு! ஆகவே ஆளைப் பார்த்து அழைக்க வேண்டும். அமெரிக்காவில் 2021-ல் வகுத்த விதி இது: வயது 50 முதல் 80, தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டு புகைத்த கணக்கு, இன்னும் புகைப்பவர் அல்லது விட்டு 15 ஆண்டு ஆகாதவர்.

நல்ல திட்டத்தின் அடையாளங்கள்

1. மக்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 2016-ல் ஏழை மக்கள் வாழும் பகுதிகளில், கடைவீதிப் பக்கம் ஸ்கேன் வண்டியை நிறுத்தினார்கள். ஸ்கேன் எடுத்த 1,384 பேரில் 42 பேருக்கு நோய் இருந்தது. அகப்பட்ட கட்டிகளில் 80 சதவீதம் தொடக்க நிலை.

2. சிறு கட்டி தெரிந்தவுடன் கத்தியை எடுக்கக் கூடாது. சந்தேகமானால் 3 மாதம் கழித்து மறுபடி எடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

3. நோய் உறுதியானால் அறுவைச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி தயாராக இருக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டுக் கைவிட்டால் என்ன பயன்?

4. ஒருமுறையோடு நிறுத்தாமல், குறித்த காலத்தில் திரும்ப அழைக்க வேண்டும்.

5. வந்தவருக்குப் புகையை விட உதவ வேண்டும்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கு அரசுப் பரிசோதனை உண்டு. நுரையீரலுக்கு அப்படித் திட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. அதற்காகச் சும்மா இருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தும் இருமல் நிற்கவில்லையா? "ஸ்கேன் பார்க்கணுமா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். காசநோய் என்றே எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு, காலம் கடந்தபின் புற்றுநோய் என்று அறிந்தவர்கள் உண்டு. புகைக்காத பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. தாய்மார்களே, உங்கள் இருமலையும் ஒதுக்காதீர்கள்.

புகையை விட விரும்புவோர் 1800 11 2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். ஸ்கேன் நோயைக் காட்டும், வராமல் தடுக்காது. கையிலிருக்கும் பீடியைக் கீழே போடுவதுதான் முதல் சிகிச்சை. அதை இன்றே செய்யுங்கள்!